குரோய்டன் போகும் வழியில் ஒரு கொத்து பேசில்

"நேர்முக விசாரணை: 14 மார்ச் 1989, செவ்வாய், காலை 10.30." நடேசனுக்கு வந்த கடிதத்தில் இந்த வரியின் கீழ் சிவப்புக் கோடு போட்டவன் நான். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, லூயிஷாமில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். வேலை செய்ய அவனுக்கு அனுமதி இல்லை. ஆனாலும் நான்கு மாதமாக ஓர் இத்தாலிய உணவகச் சமையலறையில் இலை ஆய்ந்துகொண்டிருந்தான். அது தெரியவந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று இருவருக்கும் பயம்.

8.20: கிருஷ்ணர் படத்துக்கு வைத்த துளசியில் ஒரு கொத்தை என் மனைவி அவனது சட்டைப்பையில் வைத்துவிட்டாள். முதல்நாள் சந்தையில் கட்டு 40 பென்ஸுக்கு வாங்கியது. 75ஆம் இலக்க பஸ்ஸின் மேல்தட்டில் ஏறினோம். விசாரணை அலுவலகம் இருந்த குரோய்டன் ஏறத்தாழ எட்டு மைல்.

8.40, கட்ஃபோர்ட்: கொத்தை எடுத்து மணந்தவனின் முகம் வெளுத்தது.

"அண்ணை, இது துளசி இல்லை, பேசில், பீட்சாவில போடுற இலை. அண்ணி மாறி வாங்கிப்போட்டா. எங்கட கிச்சின் மணமே இதுதான்!"

"யன்னலால எறி."

"சாமிக்கு வைச்சதையோ? ஆக்களின்ர காலில மிதிபடும்."

அவனைத் தேற்ற, நூலகத்தில் வாசித்ததைச் சொன்னேன்: அந்தப் பெயர் கிரேக்கத்தில் 'அரசன்' என்ற சொல்லிலிருந்து வந்தது, பார்வையாலேயே கொல்லும் ஒரு கட்டுக்கதைப் பாம்பின் பெயருக்கும் அதுவே வேர்.

"பாம்பை ஏன் அண்ணை இப்ப இழுக்கிறியள்?"

பெஞ்ச் என்ற ஊரைத் தாண்டியதும், துளசியை உண்ணும் பழக்கத்தில் கொத்தை வாயில் போட்டு மென்றுவிட்டான். சட்டைப்பையில் இருந்த மணம் மூச்சில் ஏறிவிட்டது.

10.30க்கு உள்ளே போனவன் 11.40க்கு வெளியே வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மொழிபெயர்ப்பாளர் இந்தியக்காரர், அண்ணை. 'என்ன தம்பி, காலையிலேயே பீட்சாவா? வாசனை தூக்குதே' எண்டு சிரிச்சார். அதிகாரி அம்மா என்னவெண்டு கேக்க, அதையும் இங்கிலிசில சொல்லிப்போட்டார். 'எங்கே சாப்பிட்டாய்?' எண்டு அவ என்னைக் கேட்டா."

"நீ?"

"பஸ்ஸில எண்டன். சாமிக்கு வைச்ச இலை எண்டும் சொன்னன்."

"அவ?"

"சிரிக்கேல்லை. ஒரு வரி எழுதினா."

மீதிக் கட்டை மனைவி அன்று ரசத்தில் போட்டாள். ரசம் நன்றாகத்தான் இருந்தது. நடேசன் தொடவில்லை.

இன்று 3 ஜூன். கதவுத் துவாரத்தால் கடிதம் விழும் சத்தம் கேட்டால் மூவரும் எழும்பி நிற்கிறோம். முடிவு வரவில்லை. அந்த ஒரு வரியில் அதிகாரி என்ன எழுதினார் என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.