தோசைக்கடைச் சிலிண்டர்

கோவளத்தில் தோசைக்கடை வைத்திருந்த அக்காவுக்குக் கடைக்கான சிலிண்டர் விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டுச் சிலிண்டரைக் கடையில் எரிக்கக் கூடாது என்பது சட்டம். தெரிந்தேதான் என்னிடமிருந்த இரண்டில் ஒன்றைக் கொடுத்தேன். பதிலுக்குத் தினமும் எனக்குக் காலைத் தோசை இலவசம்.

ஒருநாள் சோதனைக்கு வந்த அதிகாரி, "யார் சிலிண்டர் இது?" என்று அதட்டினார். அலுவலகத்தில் மேசையைத் தட்டிப் பேசுகிற நான், தட்டும் கையுமாக எருமை மாதிரி மென்றுகொண்டு நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"என்னுதுதான் சார்" என்றாள்.

அடுப்பையும் சேர்த்துத் தூக்கிப் போனார்கள்.

மறுநாள் விறகு எரித்துக்கொண்டிருந்தாள். புகையில் கண்ணைக் கசக்கியபடி சொன்னாள்: "என்னால உங்க சிலிண்டர் போச்சே சார்."

நீட்டிய காசை வாங்கவில்லை. அன்றும் இலவசத் தோசைதான். தின்றேன்.