புளியில் போட்ட காசு

அந்தக் காசைப் புளி போட்டுத் தேய்த்தவன் நான்தான். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். சுற்றி வளைத்து எழுதவும் எனக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் இத்தனை நாள் தப்பித்தேன்.

எங்கள் நாணயச் சேகரிப்போர் சங்கம் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காரைக்கால் கோவில்பத்தில் ஒரு டியூஷன் சென்டரில் கூடும். நான் செயலாளர், கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கூட்டத்தின் முதல் வேலை, போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை நான் வாசிப்பது. ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்தால் அது உண்மையாகிவிடும். இரண்டாவது வேலை டீ.

ஆண்டுக்கு ஒருமுறை கல்யாண மண்டபத்தில் மாநாடு. வெளியூர்க்காரர்கள் காசு விற்க மேசை போடுவார்கள். போட்டிக் காட்சியும் மேடை உரைகளும் உண்டு. சென்ற மாநாட்டில் என் உரையின் தலைப்பு 'பழைய காசைக் கழுவாதீர்கள்'. செம்பின் மேல் படிந்த களிம்புதான் காசின் வயதுக்குச் சாட்சி, அதைத் தேய்த்தால் காசு செத்துப்போகும் என்பது சாரம்.

உதாரணத்துக்குக் களிம்பு கலையாத காசு ஒன்று தேவைப்பட்டது. சங்க உறுப்பினரான வரிச்சிக்குடி விவசாயி ஒருவர் தன் காசைத் தந்தார். பிரெஞ்சுக்காரர் காலத்துச் செப்புக் காசு. ஒரு பக்கம் காரைக்கால் என்றும் மறுபக்கம் புதுச்சேரி என்றும் தமிழில் இருக்கும். நடவின்போது அவர் மனைவி கையில் அகப்பட்டது. அந்த அம்மா பூஜை அலமாரியிலிருந்து எடுத்து மடித்துக் கொடுத்த பொட்டலத்தை விவசாயி பிரிக்காமலேயே என்னிடம் நீட்டினார்.

"பேசி முடிச்சதும் போட்டியில வச்சிருங்க சார். பத்திரம்."

மாநாட்டன்று காலை அதைப் படம் எடுத்தேன். 'காரைக்கால்' தெரியவில்லை. ஒரு பச்சைக் கறைதான் தெரிந்தது. கடைசி வரிசைக்காரருக்கும் எழுத்து தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஓரத்தில் கொஞ்சம் மட்டும் என்று தொடங்கினேன். ஓரம் மட்டும் பளபளத்தது அசிங்கமாக இருந்ததால் முழுவதையும் தேய்த்தேன். புளி செம்பை என்ன செய்யும் என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் சமன்பாடு எழுதியவன் நான். சமன்பாடு சரியாகவே வேலை செய்தது. மறுபடி படம் எடுத்து, பளபளப்பு தெரியாமலிருக்கக் கறுப்பு வெள்ளையாக்கித் திரையில் காட்டினேன். உரை நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

மதியம், வெளியூர் நடுவர் போட்டி மேசையில் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"கழுவின காசுங்க. போட்டியில சேராது."

விவசாயி, சாப்பாட்டுப் பையோடு நின்ற மனைவியிடம் திரும்பினார். "ஏன்டி, குத்துவிளக்கத் தேய்க்கிற மாதிரி இதையும் தேச்சுப்புட்டியா?"

"நானா? நான் எதுக்குங்க அதத் தேய்க்கப்போறேன்?"

"பின்ன, காசு தானா போயி குளிச்சுதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "சார் பேசுனத அம்மா நேத்தே கேட்டிருக்கணும்" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். அந்த அம்மா காசைக் குனிந்து பார்த்தார், பிறகு என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடுத்த கூட்டத்துக்கான குறிப்பில், 'இல்லத்தாரின் அறியாமையால் சுத்தம் செய்யப்பட்ட காசு ஒன்று போட்டியிலிருந்து விலக்கப்பட்டது' என்று எழுதி வாசித்தேன். முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள். அதன்பின் ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது அந்த விவசாயியிடம், "வீட்டுல புளி ஸ்டாக் இருக்கா?" என்று கேட்டார்கள். ஒருநாள் அவர் என்னிடம், காசுகள் இருக்கும் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பிலேயே வைத்திருப்பதாகச் சொன்னார். மனைவி இனி எதையும் தொடக்கூடாதாம்.

மறுநாள் வரிச்சிக்குடிக்குப் பஸ் ஏறினேன். அந்த அம்மா வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். கணவர் வயலுக்குப் போயிருந்தார். நான்தான் தேய்த்தேன் என்றேன். அவர் நெல்லைக் கிளறுவதை நிறுத்தவில்லை.

"தெரியும் சார். அன்னிக்கே எழுத்துக்கு நடுவுல புளி நாரு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. நான் கரைச்சு வடிகட்டித்தான் தேய்ப்பேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"மைக்கு உங்க கையிலல்ல இருந்துச்சு." நெல்லை ஒருமுறை தள்ளிவிட்டு, "எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆவுது? நோட்டுல எழுதி வச்சிருக்கீங்களாமே, அதப் போயி மாத்துங்க" என்றார்.

அடுத்த கூட்டத்தில், தேய்த்தவர் செயலாளர் என்று திருத்தம் வாசித்து, நானே முன்மொழிந்தேன்.

"வழிமொழியறது யாரு?" என்றார் தலைவர்.

வாசலருகே ஒரு கை உயர்ந்தது. அந்த அம்மா அன்றுதான் முதல்முறையாக வந்திருந்தார்.

"நீங்க உறுப்பினர் இல்லீங்களேம்மா."

"காசு நான் எடுத்ததுதானேங்க?"

தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அதற்குள் விவசாயி, என்னைப் பார்க்காமல், ஒரு கையைத் தூக்கினார். மறு கையால் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து மனைவியிடம் நீட்டினார்.

"அத வீட்டுல வந்து குடுங்க" என்றார் அந்த அம்மா.

திருத்தம் ஏற்கப்பட்டதாக எழுதிக்கொண்டேன். அன்று எனக்கு டீ வரவில்லை. நானும் கேட்கவில்லை.