இடது இமைக்கு எட்டு

ஆஸ்திரேலியாவின் மக்காய் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டும் டோரீனுக்குப் பொய் ஆகாது. அதிலும் "பரவாயில்ல" என்கிற பொய். அந்த ஊர் ஆம்பளைகள் காலில் டிராக்டர் ஏறினாலும் அதைத்தான் சொல்வார்கள்.

கரும்புக்காட்டு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, அவளுக்கும் புருஷன் க்ளைவுக்கும் இமைத்தோல் சரிந்து பார்வையை மறைத்தது. ஒரே நாளில் இருவருக்கும் ஆபரேஷன். டாக்டர் கூடவே ஒரு சோதனையும் வைத்திருந்தார்: மரத்துப்போக வலது இமைக்கு ஒரு மருந்து, இடதுக்கு வேறொன்று, எந்த ஊசி எவ்வளவு வலிக்கிறது என்று பத்துக்கு மார்க் போட வேண்டும்.

முதலில் க்ளைவ். இடது ஊசிக்கு அவன் போட்ட அலறலில் வெளியே ஒரு கிழவர் டீயைக் கொட்டிக்கொண்டார். அடுத்த நொடியே, "ரெண்டுக்கும் ரெண்டு மார்க் போடுங்க டாக்டர். பரவாயில்ல."

பிறகு டோரீன். வலதில் எறும்புக்கடி. இடதில் நெருப்பையே ஏற்றினாற்போல. "ஒண்ணு. எட்டு," என்றாள்.

"எட்டா? மத்தவங்க எல்லாம் வித்தியாசமே இல்லங்கறாங்களே. இடது மருந்து ரொம்ப நேரம் தாங்குது. இனிமே எல்லாருக்கும் அதையே போட்டுடலாம்னு இருக்கேன்."

அடுத்த மாதம் இதே மேசையில் அவள் தங்கை பெரில் படுக்க வேண்டும். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவள். டோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆபரேஷன் முடிந்ததும் நேரே க்ளைவிடம் போனாள். அவன் கண்ணில் ஐஸ் பையோடு உட்கார்ந்திருந்தான்.

"உள்ள கத்தினது யாரு, கக்கட்டூக் கிளியா?"

"தொண்டையச் செருமினேன்."

"உன் வீறாப்புக்கு பெரில் வேகணுமா? போய் மாத்திச் சொல்லு!"

"சொன்ன மார்க்க மாத்த முடியாதாம்."

அடுத்து உள்ளே போக எழுந்தவன் ட்ரெவர், கரும்பு வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவன். டோரீன் மறித்தாள்.

"வலிச்சா வலிச்சதச் சொல்லு. கத்திட்டு ரெண்டுன்னு சொன்னே, அந்த அலறல இன்னிக்கே பப்புல எல்லாரும் குடிக்கறப்ப நடிச்சுக் காட்டுவேன்."

"வலிக்கலன்னா?"

"சைபர் சொல்லு. யார் வேணாம்னது?"

கதவு சாத்திக்கொண்டது. வலது ஊசிக்குச் சத்தமே இல்லை. இடதுக்கு ஒரு உறுமல். பிறகு, "ரெ…" என்று இழுத்த குரல் நின்றது.

"ஒன்பது! ஒன்பது போடுங்க டாக்டர்!"

காத்திருந்த ஆம்பளைகள் தங்கள் செருப்பையே பார்த்தார்கள். க்ளைவ் எழுந்தான்.

"நானும் போய் உண்மையச் சொல்லிடறேன். கணக்குல சேராட்டி போகட்டும்."

வீங்கிய கண்ணோடு அவன் சுவரை நோக்கி நடந்தான். கோபம் தீராமலே டோரீன் அவன் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள்.

"கதவு இந்தப் பக்கம்."