வியர்வை பட்டால் வாரண்டி கிடையாது

வண்டியைத் தொடாமலே கோளாறைச் சொல்லிவிடுவார் அந்த பைக் மெக்கானிக். "ஸ்டார்ட் பண்ணுங்க" என்பார், கண்ணை மூடிக் கேட்பார், அவ்வளவுதான். ஐம்பது வயதில் காது மந்தமானதும் பிழைப்பே ஆட்டம் கண்டது. கையிலிருந்த காசையெல்லாம் துடைத்துப்போட்டுக் காது மிஷின் வாங்கினார். அது நாலே மாதத்தில் செத்துவிட்டது.

சர்வீஸ் சென்டர் கவுண்டரில் இருந்த பெண் என்னவோ சொன்னாள். இவர் காதில் ஒன்றும் விழவில்லை. "எழுதிக் குடும்மா" என்று ஒரு சீட்டை நீட்டினார். மிஷின் செத்ததிலிருந்து பட்டறையிலும் அப்படித்தான், வண்டிக்காரரிடம் கோளாறை எழுதி வாங்காமல் ஸ்பேனரைத் தொடமாட்டார்.

அவள் எழுதினாள்: 'உள்ளே வியர்வை போயிருக்கு. வாரண்டி கிடையாது.'

"காதுல மாட்டினா வேர்க்காதாம்மா?"

'வேர்க்கும் சார். இந்த மாடல்ல எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுது.' பாவம், வெள்ளந்தியாக எழுதிவிட்டாள்.

அப்புறம் நாளைக்கு வா, நாளன்னைக்கு வா என்று மூன்று மாதம் இழுத்தடித்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு சேர்ந்தது. இதற்கிடையில் பட்டறையில் ஒரு நல்ல இஞ்சினைத் தப்பாகப் பிரித்துவிட்டார். வண்டிக்காரன் கத்தியதுகூடக் கேட்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்தது. வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதார்.

மனைவி அவர் காதோடு வாய் வைத்துக் கத்தினாள். "அழுது என்ன ஆகப்போகுது? அந்தச் சீட்டெல்லாம் எடுங்க. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவோம்."

அங்கே கம்பெனி மேனேஜர் கூசாமல் புளுகினார். "மிஷின்ல குறையே இல்லைங்க. இவர்தான் தண்ணியில போட்டிருக்கார்."

நீதிபதி அம்மா சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "காதுல மாட்டுற பொருள் வேர்வைக்குக் கூடத் தாங்காதுன்னா, அதைக் காதுக்குன்னு ஏன் விக்கிறீங்க?"

பதினைந்து நாளில் புது மிஷின் தரவேண்டும் என்று தீர்ப்பானது.

கொடுத்தார்கள், கடைசி நாளில்தான். சர்வீஸ் சென்டரிலேயே அதை மாட்டிக்கொண்டு மனைவியோடு வெளியே வந்தவர் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். மேனேஜர் தன் பைக்கைக் கிளப்பிக்கொண்டிருந்தார். மெக்கானிக் கண்ணை மூடினார். எத்தனை மாதம் கழித்து வந்த சத்தம்!

"சார், இஞ்சின்ல டேப்பெட் அடிக்குது. இப்படியே ஓட்டாதீங்க. பட்டறைக்குக் கொண்டு வாங்க, செஞ்ச வேலைக்கு ஆறு மாசம் நான் பொறுப்பு."

மேனேஜர் இஞ்சினை அணைத்தார்.

"பட்டறை எங்க இருக்கு?" என்று கேட்டார், மெதுவாகத்தான்.