எலும்பும் தோலுமான மீன்

தொண்ணூறுகளின் நடுவில், மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. கனடாவில் ஒஷாவாவுக்கு வடக்கே, உறைந்து கிடந்த ஏரி ஒன்றில் மீன் பிடிக்கப் போயிருந்தேன். கூட வந்தவர் மார்க்கம் நகரில் என்னோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆபிரிக்காவின் கலகாரிப் பாலைவனத்தில் வேட்டையாடி வாழ்ந்த புஷ்மன் குடும்பத்துப் பிள்ளை. கனடாக்காரி ஒருத்தியைக் கட்டி இங்கே வந்தவர். பேசியது ஆங்கிலம்தான், எங்கள் தமிழிலேயே சொல்கிறேன்.

பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டில் விட்டு அரை மணித்தியாலம் இராது, என் கையளவு நீளத்தில் ஒரு மீன் ஏறியது. பெருமையோடு தூக்கிக் காட்டினேன்.

"உதுக்கோ இவ்வளவு தூரம் காரோடி வந்தனாங்கள்? எலும்பும் தோலும். பூனையும் திரும்பிப் பாராது" என்றார்.

சுருக்கென்றது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? இதைவிடப் பெரிசு பிடித்துக் காட்டுகிறேன் என்று, ஆறு வந்து விழும் பக்கமாக நடந்தேன். அங்கே பனி மெல்லிசு, போகாதே என்று கரையில் தூண்டிலுக்குப் புழு விற்றவர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

காலடியில் 'டப்' என்றது. அடுத்த கணம் நெஞ்சுவரை தண்ணீர். மூச்சு வரவில்லை. பிடித்த விளிம்பெல்லாம் உடைந்து உடைந்து கையோடு வந்தது.

அவர் ஓடி வரவில்லை. குப்புறப் படுத்து, சாமான் இழுத்து வந்த, கயிறு கட்டிய சறுக்குப் பலகையை முன்னால் தள்ளித் தள்ளி ஊர்ந்து வந்தார். "கயித்தைக் கையிலை சுத்தும். காலாலை தண்ணியை அடியும்." அப்படியே பின்னால் ஊர்ந்து என்னை வெளியே இழுத்தார்.

காரில் ஹீற்றரைப் போட்டுவிட்டு, "ஏன் அங்கை போனனீர்?" என்று கேட்டார். பல் கிடுகிடுக்க, மீனை அவர் பழித்தது சுட்டதைச் சொன்னேன். ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்து என் பக்கம் திரும்பினார்.

"உம்மடை மீனைக் கண்டு எனக்குச் சரியான சந்தோசம். அதுதான் அப்பிடிச் சொன்னன். எங்கடை ஆக்களிலை பெரிய மிருகம் விழுத்தினவனை மெச்சமாட்டினம், நக்கலடிப்பினம். அவனும் 'ஒண்டும் பெரிசா இல்லை' எண்டுதான் சொல்லவேணும். மெச்சினால் தலை வீங்கும். நாளைக்கு எங்களையே ஆள வெளிக்கிடுவான். நக்கலடிச்சுப்போட்டு, எல்லாருமாப் பங்கு போடுவம்."

கண்ணூறு படும் என்று கொழுத்த பிள்ளையையும் 'மெலிஞ்சுபோச்சு' என்று சொல்லுகிற ஊரில் பிறந்த எனக்கு, இது விளங்கியிருக்க வேண்டாமா?

அன்று அந்த மீனை இரண்டாக வெட்டினோம். "மோசமான மீன்" என்றேன். "மகா மோசம்" என்று சிரித்தார், கண் கலங்க.

இன்றைக்கும் யாராவது என்னை மெச்சினால், காலுக்குக் கீழே அந்தப் பனி வெடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது.