சிவப்புச் சால்வை

வெளிப்படியின் உச்சியில் அம்மா நின்றார். அவருக்கு அப்போது ஏழாம் மாதம். பின்னால் அண்ணா. அண்ணாவுக்குப் பின்னால் நான். அப்பா வேலைக்குப் போயிருந்தார். வரவேண்டியது மாமா.

மாமா அம்மாவின் தம்பி. செயின்ட்-மிஷேல் என்ற பகுதியில் எங்கள் மாடிவீட்டில்தான் இருந்தார். ஒரு கிரேக்கரின் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினார். அங்கே சமையற்காரர் சொல்லும் ராசாக் கதைகளை எங்களுக்குக் கொண்டுவருவார். சிங்கத்தை வெறுங்கையால் நெரித்தவன் ஒருவன். மாட்டுத்தலை அரக்கனைக் கொன்ற இளவரசன் ஒருவன். எனக்கு இளவரசனைத்தான் பிடிக்கும். வென்றால் கப்பலில் வெள்ளைப் பாய் கட்டி வருவேன் என்று தகப்பனுக்குச் சொல்லிப் போனவன். வென்றான். பாயை மாற்ற மறந்தான். மலையில் காத்து நின்ற அரசன் கறுப்புப் பாயைக் கண்டான். மகன் செத்தான் என்று கடலில் விழுந்தான்.

அன்று மாமாவின் அகதி விசாரணை. முடிவை அன்றே சொல்வார்கள். தோற்றால் திருப்பி அனுப்புவார்கள்.

காலையில் மாமா ஒரு வெள்ளைத் துவாயைத் தூக்கிக் காட்டினார்.

"கேஸ் வெண்டா இதோட வாறன்."

"வெள்ளை செத்தவீட்டுக்கடா. விசர்க் கதை கதையாதை," என்றார் அம்மா. கோயிலில் கிடைத்த சிவப்புச் சால்வையைக் கொடுத்தார்.

"மறக்காதேங்கோ மாமா," என்றேன்.

"நான் என்ன ராசான்ர மகனே, மறக்க?"

பின்னேரம் படியெல்லாம் ஐஸ் கட்டியிருந்தது. அம்மாவை உள்ளே வரச் சொன்னோம். வரவில்லை. பஸ் வந்து போனது. தெருமுனையில் மாமா. கையில் ஒன்றும் இல்லை.

அம்மாவின் கால் ஒரு படி இறங்கி வழுக்கியது. அண்ணா பின்னால் பிடித்தான். மாமா நிமிர்ந்து பார்த்தார். நின்றார். பிறகு சால்வையை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றினார்.

அம்மா அந்தப் படியிலேயே இருந்து அழுதார்.

"என்னக்கா, கிழட்டு ராசா மாதிரி விழப் பாத்தனியே?" என்றபடி மாமா ஏறி வந்தார். அம்மா சிரித்துவிட்டார். அன்று ஆட்டிறைச்சிக் கறி. மாமா இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார்.

மறுநாள் வகுப்பில் ஒரு கிரேக்கப் பிள்ளையிடம் சொன்னேன். உங்கள் இளவரசன் மறந்தான், எங்கள் மாமா மறக்கவில்லை என்று. 

இளவரசன் வென்று வந்தவன். மாமா அன்று தோற்று வந்தவர். அது அப்போது எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு மாமா எங்களோடு இருந்தது முப்பத்தொரு நாள்.