ஐந்து சங்கமும் ஒரு காலைச் சாப்பாடும்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வியாபாரம் செய்கிறவளுக்கு அது ஆகாது என்று வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் ரோட்டில், எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே எங்கள் மளிகைக் கடை. சரக்கெடுக்க டவுனுக்குப் போவது அவர், கல்லாவில் உட்காருவது நான். ஊரில் உள்ள மகளிர் குழுக்களுக்கெல்லாம் சேர்த்து என்னைத்தான் தலைவியாக வைத்திருக்கிறார்கள். கோபக்காரி என்றாலும் கூட்டத்துக்கு ஆள் சேர்த்துவிடுவேன் என்பதால் இருக்கலாம்.

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்குக் காலை உணவுத் திட்டம் வந்தபோது, சமைக்க ஆள் தேர்ந்தெடுக்கும் வேலை குழுக்களிடம் வந்தது. குழுவில் உறுப்பினராக இருக்க வேண்டும், பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும், விடியுமுன் அடுப்படிக்கு வந்துவிட வேண்டும். கடைசி நிபந்தனையைக் கேட்டதும் தூக்கிய கைகளில் முக்கால்வாசி இறங்கிவிட்டன. இறக்காமல் வைத்திருந்தவள் காலனிப் பெண் ஒருத்திதான். அவள் மகள் அங்கே இரண்டாம் வகுப்பு. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்; எனக்கு அதனாலேயே பிடிக்கும். எல்லோரும் கை தட்டித்தான் அவளைத் தேர்ந்தெடுத்தோம்.

கை தட்டியவர்களின் பிள்ளைகளே முதல் நாள் சாப்பிடவில்லை. காலனிப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டார்கள். ஊருக்குள்ளிருந்து வந்த பிள்ளைகள் வேப்பமரத்தடியில் நின்று பன்னையும் பிஸ்கட்டையும் தின்றார்கள். மறுநாளும் அப்படித்தான். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். யாரும் சண்டை போடவில்லை, யாரும் வாயைத் திறந்து ஒரு காரணமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது நான் திருப்பிக் கேட்டிருப்பேன்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர், பயந்த சுபாவம். கடைக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார். இந்த மாதம் முடிகிறவரை பார்க்கலாமாம். அதற்குப் பிறகும் பிள்ளைகள் சாப்பிடாவிட்டால், வம்பு வேண்டாமென்று மேலதிகாரிகள் வேறு பெண்ணைப் போடச் சொல்லிவிடுவார்களாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சாப்பிடாத பிள்ளைகளின் பெற்றோரை ஒரு கேள்வி கேட்காமல், சமைத்தவளை மாற்றுவது என்ன நியாயம் என்று கத்தினேன். அவர் கையைப் பிசைந்துகொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

“வேலை போனாப் போகுதுக்கா, வேற பாத்துக்கிருவேன்” என்றாள். “எம் மக அங்கதான் உக்காந்து படிக்கிறா. அவ பாக்க என்னைய வெளிய அனுப்பிறக் கூடாது. அது ஒண்ணு மட்டும் நடக்கக் கூடாது.”

அன்றிலிருந்து எனக்கும் அது ஒன்றுதான் குறி. தனியாகக் கத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரியும். அதனால் சங்கம் சங்கமாக ஏறி இறங்கினேன். டவுனில் இருக்கிற எங்கள் வியாபாரிகள் சங்கத் தலைவரைப் பார்த்தேன். எங்கள் ஊரில் வேதக்காரர்கள் கொஞ்சம் பேர் உண்டு. அவர்களுடைய சர்ச் சபையில் பெண்கள் சங்கம் நடத்தும் ரிட்டயர்டு நர்சம்மாவைப் பார்த்தேன். நாலைந்து முஸ்லிம் வீடுகளும் இருப்பதால், பஸ் ஏறி வீரசோழன் போய் ஜமாத்துப் பெரியவரையும் பார்த்துவிட்டு வந்தேன். காலனி இளைஞர் மன்றத்துப் பையன்கள் மறியல் செய்யத் தயாராக இருந்தார்கள். முதலில் எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம் என்று அவர்களையும் அழைத்துவந்தேன்.

ஐந்து சங்கமும் எங்கள் கடைக் குடோனில் மூட்டைகள் மேல் உட்கார்ந்து பேசியது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. இந்த ஊரில் அப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய் அவள் சமைத்ததைப் பிள்ளைகள் முன்னால் சாப்பிடுவது என்று கால் மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. பிளெக்ஸில் எந்தச் சங்கத்தின் பெயரை மேலே போடுவது என்பதில்தான் பொழுது போனது. வியாபாரிகள் சங்கத் தலைவருக்குத் தன் போட்டோவும் வேண்டும். கடைசியில் எல்லாப் பெயரையும் வட்டமாகப் போட்டார்கள். கழுத்தைச் சுற்றிச் சுற்றித்தான் படிக்க வேண்டியிருந்தது.

குறித்த நாளில் பிளெக்ஸைக் கட்டி, வரிசையாக உட்கார்ந்து, கிச்சடி சாப்பிட்டோம். போட்டோ எடுத்தார்கள். கிச்சடி பிரமாதம் என்று தலைவர் இரண்டாம் முறையும் வாங்கினார். பிள்ளைகள் வேப்பமரத்தடியில் நின்று, சர்க்கஸ் பார்க்கிற மாதிரி எங்களைப் பார்த்தார்கள். ஒரு பிள்ளையும் பக்கத்தில் வரவில்லை. நாங்கள் எழுந்து கை கழுவும்போது அண்டாவில் அடி தெரிந்தது. தினமும் சாப்பிடுகிற காலனிப் பிள்ளைகள் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் கரண்டியை வைத்துவிட்டு எங்களுக்கு நேராக வந்து நின்றாள்.

“நீங்கல்லாம் வந்து சாப்பிட்டது சந்தோசம். ஆனா நான் உங்களுக்குச் சமைக்க வரலங்க. பிள்ளைகளுக்கு அளந்து குடுத்தத நீங்க சாப்பிட்டுப்புட்டீக.”

நான் உடனே கடையைத் திறந்து ரொட்டி பாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தபோது தலைவர் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று, தன் போட்டோ போட்ட பிளெக்ஸைத் தானே அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சொல்வது சரிதான், நாம் வேறு வழி பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றுதான்.

வேறு வழி என் கல்லாவுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் பஞ்சு மில் வேலைக்குப் போகிறவர்கள். விடிந்தும் விடியாமலும் மில் வேன் வந்துவிடும். அதற்குள் உலை வைத்து, பிள்ளைக்கு ஊட்டி அனுப்ப எந்தத் தாய்க்கு முடியும்? வேனில் ஏறுமுன் என் கடையில் பன்னோ பிஸ்கட்டோ வாங்கிப் பையன் கையில் திணித்துவிட்டு ஓடுவார்கள். சுடச்சுட உப்புமா பள்ளிக்கூடத்தில் காத்திருக்கும்போது, காசு கொடுத்துக் காய்ந்த பன் வாங்குகிறார்கள். இதில் மனசாரச் சந்தோஷப்படுகிற தாய் ஒருத்திகூட இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது. அதனால் ஒவ்வொருத்தியாக, தனியாகக் கேட்டேன்.

எனக்கு ஒன்றுமில்லை அக்கா, ஊர்தான் ஏதாவது சொல்லும் என்றார்கள். கேட்ட அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள். என் பையன் மட்டும் முதலில் உட்கார்ந்தால் நாளைக்கு என் வீட்டைத்தானே பேசுவார்கள் என்று பயந்தார்கள். இவளைக் கேட்டால் அவள் பேசுவாள் என்றாள். அவளைக் கேட்டால் இவள் பேசுவாள் என்றாள். ஊர் என்று சொன்னவர்கள் எல்லோரும் என் கடைக்கு வந்து போனார்கள். அந்த ஊர் மட்டும் ஒரு நாளும் வரவில்லை.

மறுபடி குடோனில் கூடினோம். இந்த முறை பிளெக்ஸ் பேச்சே இல்லை. முதலில் உட்காரத்தானே பயப்படுகிறார்கள், முதல் ஆள் என்று ஒருவரே இல்லாமல் செய்துவிடுவோம் என்றேன். ஒரே நாளில், ஒரே நேரத்தில், எல்லாப் பிள்ளைகளும் உட்கார வேண்டும். அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாகப் பேச வேண்டும். ஒரு சங்கத்தால் முடியாது. அவரவர் ஆட்களிடம் அவரவர் போனால் முடியும்.

அப்படியே போனார்கள். நர்சம்மா தன் பெண்களிடம் கேட்டது சுருக்கென்று இருந்ததாம்: ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் எடுக்கிறோம், திங்கட்கிழமை காலையில் மட்டும் என்ன வந்தது? ஜமாத்துப் பெரியவர் வீரசோழனிலிருந்து திரும்பத் திரும்ப வந்து, அந்த நாலைந்து வீட்டிலும் டீ குடித்துப் பேசினார். காலனிப் பையன்கள் மறியலைத் தள்ளிவைத்துவிட்டுப் பள்ளி வராந்தாவுக்கு வெள்ளை அடித்தார்கள். நானும் என் குழுப் பெண்களும் மிச்ச வீடுகளுக்குப் போனோம்.

எல்லாரையும்விட முரண்டு பிடித்தவள் மேலத்தெருவில் ஒருத்தி. மில்லில் வேலை, மூன்றாம் வகுப்பில் ஒரே மகன். அவள் வீட்டுக்கு நான் நடந்த நடைக்குச் செருப்பு தேய்ந்தது. கடைசியில் இறங்கிவந்தாள். “சரிக்கா, அனுப்புறேன். ஆனா எங்க மாமியா கேட்டா என்ன சொல்லட்டும்?” என்றாள்.

எல்லோருக்கும் உள்ளே இருந்த கேள்வி அதுதான். அதற்குப் பதில் கண்டுபிடித்தவர் எங்கள் சங்கத் தலைவர். தனக்கு வேறு எது தெரியாவிட்டாலும் கூட்டம் போடத் தெரியும் என்று சிரித்தார். திங்கட்கிழமை காலையில் சங்கத்தின் அவசரக் கூட்டம். எங்கள் ஊர்க் கடைகள் எல்லாம் பள்ளிக்கூட மணி அடிக்கிறவரை அடைப்பு. பன் கிடையாது, பிஸ்கட் கிடையாது. கடை பூட்டிக் கிடந்தது, நான் என்ன செய்ய என்று எந்த மருமகளும் எந்த மாமியாரிடமும் தைரியமாகச் சொல்லலாம்.

திங்கட்கிழமை நான் கூட்டத்துக்குப் போகவில்லை. கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவள் அண்டாவை இறக்கிவைத்துவிட்டு, வாசலைப் பார்த்தபடி நின்றாள். பிள்ளைகள் வந்தார்கள். ஒருத்தர் கையிலும் பொட்டலம் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எல்லோர் கையிலும் தட்டு இருந்ததில் அவர்களுக்கே ஆச்சரியம். கும்பலாக உட்கார்ந்தார்கள். யார் முதலில் உட்கார்ந்தது என்று என்னாலேயே சொல்ல முடியாது. மேலத்தெருப் பையன் மட்டும் வாசல்படியில் தயங்கினான்.

“உக்காருப்பா, ஆறிப்போகும்” என்றாள் அவள்.

இடம் இருந்தது அவள் மகளுக்குப் பக்கத்தில். அங்கே உட்கார்ந்தான். அந்தச் சின்னப் பெண் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். எனக்கு அழுகை வந்தது. கோபக்காரிகள் அழக்கூடாது என்று சட்டமா என்ன, அழுதேன். என் வாழ்க்கையில் நான் செய்த எந்த வியாபாரமும், கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் நின்ற அந்த ஒரு காலையைப் போல எனக்குப் பெருமை தந்ததில்லை.

மறுநாள் கடைகள் திறந்தன. பன் வாங்க ஆள் வரவில்லை. மாதம் முடிந்து தலைமையாசிரியர் கடைக்கு வந்தார். வேறு பெண்ணைப் பற்றிப் பேசவில்லை, பேனா வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு ஒரு புதன்கிழமை சாயங்காலம், மேலத்தெருக்காரி மில் வேனிலிருந்து இறங்கி விறுவிறுவென்று கடைக்கு வந்தாள். பொங்கலில் மிளகை முழுசு முழுசாகப் போட்டிருக்கிறார்களாம், பையன் வாய் எரிகிறது என்கிறானாம், நான் சொல்லிவைக்க வேண்டுமாம். எண்ணெய் வாங்க வந்த சமையல்காரி அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். நேரிலேயே சொல்லு என்றேன். சொன்னாள். பொடித்துப் போட்டால் மணம் வராது என்று இவள் சொல்ல, பிள்ளை வாய்க்கு எது முக்கியம் என்று அவள் கேட்க, என் கடை வாசலில் மிளகுச் சண்டை நன்றாகவே நடந்தது. அதில் காலனி என்றோ ஊர் என்றோ ஒரு பேச்சும் வரவில்லை.

மேலத்தெருக்காரி முணுமுணுத்துக்கொண்டே போனபிறகு, எண்ணெய்ப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு இவள் என்னைப் பார்த்தாள்.

“இம்புட்டு நாளும் என்னைத்தான்க்கா குறை சொன்னாக. இன்னைக்குத்தான் என் சமையலக் குறை சொல்றாக.”

அடுத்த புதன்கிழமையும் முழு மிளகுதான் போட்டாள். மேலத்தெருப் பையன் அதைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.